யாரும் பார்க்காத பட்டியல்

பொருள் வாங்கப் போய் மாட்டிக்கொண்டவர்களில் தமிழில் அதிகம் பேசப்பட்டவர் எங்கள் ஊர்க்காரர்தான். திருவாதவூரர் என்றால் சிலருக்குச் சட்டென்று பிடிபடாது, மாணிக்கவாசகர் என்றால் தெரியும். பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கி வரச் சொல்லி அரசன் கருவூலத்தைத் திறந்துவிட்டான். திருப்பெருந்துறையில் குருவைக் கண்டதும் பணம் கோயிலுக்குப் போய்விட்டது. பிறகு சிவனே குதிரை வியாபாரியாக வந்து மந்தையை ஓட்டிக்கொண்டு மதுரைக்குள் நுழைகிறார். பகலில் பார்த்தால் அத்தனையும் பரி. ராத்திரி லாயத்தில் கேட்டது நரி ஊளை. ஏற்கெனவே இருந்த நல்ல குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிப்போயின.

எங்கள் ஊரில் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும்போது சொல்கிற கதை இது. அலுவலகத்தில் பொருள் வாங்கும் பொறுப்புக்கு வந்த பிறகு இதில் வேறொரு இடம் என் கண்ணில் பட்டது. திருவிளையாடற் புராணத்தில் வியாபாரி குதிரையின் இலக்கணமெல்லாம் விளக்குகிறார். அரசன் பார்த்து மகிழ்கிறான். அப்புறம் கயிறு மாற்றிக் கொடுக்கிறார்கள். கயிறு கைமாறிவிட்டால் அதற்குமேல் விற்றவனுக்குப் பொறுப்பில்லை, அதுதான் சந்தை வழக்கம். மென்பொருள் நிறுவும்போது படிக்காமலே 'சம்மதம்' என்று ஒரு பட்டனை அழுத்துகிறோமே, கிட்டத்தட்ட அந்தக் கயிறுதான் அது.

எங்கள் அலுவலகத்துக்கு வெப் ஃபில்டர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தபோதுதான் இதையெல்லாம் யோசிக்க ஆரம்பித்தேன். மதுரை ரிங் ரோட்டை ஒட்டிய சின்ன நிறுவனம், வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் பார்க்கிறோம். ஊழியர்கள் எந்தத் தளத்துக்குப் போகலாம், போகக்கூடாது என்பதற்கு ஒரு கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அதில் எனக்கு மறுப்பில்லை. திருட்டு மென்பொருள் இறக்குகிற தளம் ஒன்றிலிருந்து வந்த வைரஸ் ஒரு அலுவலகத்தின் மொத்தக் கணக்கையும் பூட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் வேண்டும்.

டெமோ காட்ட வந்த பையன் நல்ல பையன். திரையில் வகைகள் வரிசையாக வந்தன: சூதாட்டம், ஆபாசம், ஆயுதம், வேலைதேடல், அரட்டை, மதம், அரசியல் அமைப்புகள். எதை வேண்டுமானாலும் டிக் பண்ணலாம். "தம்பி, இந்த 'அரசியல் அமைப்புகள்'னு இருக்கே, அதுக்குள்ள என்னென்ன தளம் இருக்குன்னு பாக்கலாமா?" என்று கேட்டேன். "முழு லிஸ்ட் காட்ட முடியாது சார். ஒவ்வொரு அட்ரஸா போட்டுப் பாத்துக்கலாம். லிஸ்ட் கம்பெனி சீக்ரெட் சார்."

அவர் சொன்னது பொய்யில்லை. இந்தத் தொழிலே அந்த ரகசியத்தின் மேல்தான் நிற்கிறது. ஃபயர்வால் பெட்டியை யாரும் செய்துவிடலாம். கோடிக்கணக்கான முகவரிகளை வகை பிரித்து வைத்திருக்கிற பட்டியல்தான் சரக்கு. அதைத் திறந்து காட்டினால் போட்டிக் கம்பெனி நகலெடுத்துக்கொள்ளும். ஆக, நாம் காசு கொடுத்து வாங்குகிற பொருளை நாமே பார்க்க முடியாது. இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தேடிப் போனதில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஃபில்டர் வாங்குவது தள்ளிப்போனது, மேலதிகாரி "என்னண்ணே, பிஎச்டியா பண்றீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கதை தொடங்குவது 1990களின் நடுவில், அமெரிக்காவில். இணையத்தில் ஆபாசம் பெருகுகிறது என்று பெற்றோர்கள் பயந்த காலம். அரசாங்கம் சட்டம் போட்டுத் தடுப்பதா, வீட்டிலேயே மென்பொருள் போட்டுக்கொள்வதா என்று விவாதம் நடந்தது. கருத்துச் சுதந்திரம் பேசியவர்களில் பலர் இரண்டாவதை ஆதரித்தார்கள். அரசு தலையிடாது, அவரவர் வீட்டில் அவரவர் முடிவு, இதில் என்ன தப்பு? சைபர்சிட்டர், சர்ஃப்வாட்ச், சைபர் பேட்ரோல், நெட் நானி என்று வரிசையாகச் சந்தைக்கு வந்தன.

1996 ஜூலையில் பிராக் மீக்ஸ், டெக்லன் மெக்கல்லா என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் இந்த மென்பொருள்களின் பூட்டிய பட்டியல்களுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதினார்கள். ஆபாசத் தளங்கள் இருந்தன, சரி. கூடவே அமெரிக்காவின் பெரிய பெண்ணுரிமை அமைப்பான தேசியப் பெண்கள் அமைப்பின் தளம் சைபர்சிட்டரின் பட்டியலில் இருந்தது. தன்பாலின ஈர்ப்பாளர்களின் உரிமை பேசும் தளங்களும் இருந்தன. வாங்கிய பெற்றோர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? அவர்கள் வாங்கியது ஆபாசத் தடுப்பு. கூடவே வந்தது விற்றவருடைய அரசியல்.

சைபர்சிட்டர் இன்னொன்றும் செய்தது. சில சொற்களைப் பக்கத்திலிருந்தே சத்தமில்லாமல் உருவிவிடும். கறுப்பு மை பூசினால் ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்றாவது தெரியும். இது அப்படியில்லை, வாக்கியத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காணாமலடித்து மீதியை ஒட்டிக் காட்டும். எழுதியவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாகப் படித்துவிட்டுப் போவோம். தணிக்கையின் வரலாற்றில் இவ்வளவு நாசூக்கான ஒன்றை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பென்னட் ஹேசல்டன் என்ற கல்லூரி மாணவர் அதே 1996-ல் பீஸ்ஃபயர் என்று ஒரு தளம் தொடங்கி இதையெல்லாம் எழுதினார். சைபர்சிட்டர் நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? பீஸ்ஃபயரையும் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டது. ஃபில்டரைப் பற்றிய விமர்சனத்தை ஃபில்டரே மறைக்கும். 2000 மார்ச்சில் ஸ்வீடனைச் சேர்ந்த எடி யான்சனும் கனடாவைச் சேர்ந்த மேத்யூ ஸ்காலாவும் சைபர் பேட்ரோலின் பட்டியலைப் பூட்டுடைத்துக் காட்டினார்கள். அப்போது சைபர் பேட்ரோல் மேட்டல் நிறுவனத்தின் கையில் இருந்தது, பார்பி பொம்மை செய்கிற அதே மேட்டல். வழக்குப் போட்டது. கடைசியில் அந்த இருவரும் தங்கள் ஆய்வின் உரிமையை மேட்டலுக்கே எழுதிக்கொடுத்து சமாதானமாகப் போக வேண்டிவந்தது.

ஒரு நல்ல திருப்பமும் உண்டு. டிஜிட்டல் பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்கிய அமெரிக்கச் சட்டத்துக்கு விலக்குகளை முடிவு செய்கிற பொறுப்பு அந்த நாட்டின் காங்கிரஸ் நூலகத்திடம் இருக்கிறது. 2000-லும் 2003-லும் ஃபில்டர் பட்டியல்களை ஆராய்வதற்கு அது விலக்குக் கொடுத்தது. சேத் ஃபிங்கெல்ஸ்டைன் என்ற நிரலாளர் இதற்காக வாதாடினார். 2006-ல் அந்த விலக்கு தொடரவில்லை. அதற்குள் பேச்சும் அடங்கிவிட்டது, ஃபில்டர் வீட்டுக் கணினியை விட்டு அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் இணைய நிறுவனங்களின் கண்ணுக்குத் தெரியாத அறைகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டது.

நம் பக்கத்தில் கதை வேறு மாதிரி. இங்கே பெற்றோர் பயம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது அரசு. 1999-ல் கார்கில் போரின்போது பாகிஸ்தானின் 'டான்' நாளிதழின் தளம் இந்தியாவில் திறக்கவில்லை. அன்றைக்கு வெளிநாட்டு இணைப்பு முழுக்க விஎஸ்என்எல் வழியாகத்தான். 2003 செப்டம்பரில் மேகாலயாவின் ஒரு தீவிரவாத அமைப்போடு தொடர்புடையது என்று 'கின்ஹுன்' என்ற யாஹூ குழுமத்தைத் தடுக்க உத்தரவு வந்தது. ஒரேயொரு குழுமத்தை மட்டும் தனியாகத் தடுக்கும் வசதி இணைய நிறுவனங்களிடம் இல்லை. மொத்த யாஹூ குழுமங்களையும் மூடிவிட்டார்கள்.

இது தமிழுக்கு என்ன செய்தது என்பது இன்றைய இளம் வாசகர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அப்போது இணையத் தமிழின் திண்ணையே யாஹூ குழுமங்கள்தான். ராயர் காபி கிளப், மரத்தடி, அகத்தியர் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஷில்லாங் பக்கத்து விவகாரம் ஒன்றுக்காக வெண்பாவில் தளை தட்டுகிறதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களின் வாசலும் சேர்த்து மூடப்பட்டது. மூடியவருக்கு அப்படி ஒரு வாசல் இருப்பதே தெரியாது.

மூன்று வருடம் கழித்து அதே கூத்து. 2006 ஜூலை 11 மும்பை ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு 17 முகவரிகளைத் தடுக்கச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை. அவற்றில் சில பிளாக்ஸ்பாட்டிலும் ஜியோசிட்டிஸிலும் டைப்பேடிலும் இருந்தன. இணைய நிறுவனங்கள் அந்தத் தளங்களையே அப்படியே மூடின. தமிழ்மணம் திரட்டியில் தினமும் வந்து விழுந்த பதிவுகளில் பெரும்பகுதி பிளாக்ஸ்பாட்காரர்களுடையது. எழுதலாம், வெளியிடலாம், ஆனால் வெளியிட்டதை இங்கே திறந்து பார்க்க முடியாது. ஒரு வாரம் போல இந்த நிலை. ஏன் திறக்கவில்லை என்று திரையில் ஒரு வரி கிடையாது. கேபிள்காரரைத் திட்டியவர்கள் எத்தனை பேரோ.

அடுத்தது நம் உயர் நீதிமன்றத்திலேயே நடந்தது. 2012-ல் '3' படத்தையும் தெலுங்கு 'தம்மு'வையும் இணையத்தில் திருட்டுத்தனமாகப் போடுகிறவர்களைத் தடுக்க, யாரென்று தெரியாத எதிராளிகள்மேல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆணை வாங்கினார்கள். அதைக் காட்டி விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் எல்லாம் பல இணைப்புகளில் மூடப்பட்டன. குறும்படம் எடுத்து விமியோவில் போட்டிருந்த பையனுக்கும் '3' படத்துக்கும் என்ன சம்பந்தம்? ஜூன் மாதம் நீதிமன்றம் விளக்கம் சொன்னது: குறிப்பிட்ட முகவரியை மட்டும் தடுங்கள், தளம் முழுவதையும் அல்ல. ஆனால் 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களின் தயாரிப்பாளர்கள் அதே நீதிமன்றத்துக்கு 2,650 தளங்களின் பட்டியலோடு வந்தார்கள். அதற்குள் இண்டர்நெட் ஆர்கைவும் இருந்தது. ஷாருக்கான் படத்தைக் காப்பாற்ற, வருடக்கணக்காக ஸ்கேன் செய்து சேர்த்த பழைய தமிழ்ப் புத்தகங்களும் சேர்ந்து பூட்டப்பட்டன. 2,650 வரியையும் ஒருவர் உட்கார்ந்து படித்திருந்தால் அந்தப் பெயர் கண்ணில் பட்டிருக்கும். ஆனால் பட்டியல் என்பது யாரும் படிப்பதற்கானது அல்ல போலிருக்கிறது.

சட்டத்திலேயே இதற்கு ஏற்பாடு உண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவுதான் மத்திய அரசுக்குத் தளங்களைத் தடுக்கும் அதிகாரம் தருகிறது. அதன்கீழ் 2009-ல் வந்த விதிகளில் 16-ஆவது விதி, வந்த புகார்கள், எடுத்த நடவடிக்கைகள் எல்லாவற்றையும் கண்டிப்பாக ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 2015 மார்ச்சில் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்ததைக் கொண்டாடினோம். அதே தீர்ப்பு 69ஏ பிரிவு செல்லும் என்றும் சொன்னது. அதைக் கொண்டாட்டத்தின் நடுவே யாரும் சத்தமாகப் பேசவில்லை.

இங்கே எனக்கு ஒரு ஒப்பீடு தோன்றிக்கொண்டே இருந்தது. வெள்ளைக்காரனின் தணிக்கை கொடூரமானதுதான், அதை நல்லதாக்கிக் காட்ட நான் வரவில்லை. ஆனால் ஒரு நூலைப் பறிமுதல் செய்ய வேண்டுமென்றால் அவன் அரசிதழில் அச்சடித்தான். நூலின் பெயர், ஆசிரியர், எந்தச் சட்டம் என்று இருக்கும். 1928-ல் பாரதியின் பாடல் நூல்களைப் பர்மா அரசு தடைசெய்தது. அதன் தொடர்ச்சியாகச் சென்னை மாகாணத்தில் போலீஸ் நூல்களை அள்ளிக்கொண்டு போனது. எங்கோ ரங்கூனில் தயாரான முடிவு இங்கே திருவல்லிக்கேணியில் அமலாகிறது. இன்று கனடாவில் யாரோ 'வகை' ஒட்டிய தளம் மதுரையில் திறக்காமல் போவது மாதிரிதான். ஆனால் அன்று தடை இருப்பது ஊருக்கே தெரிந்தது. சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுந்து கேட்க முடிந்தது. கேட்பதற்கு ஒரு காகிதம் இருந்தது.

மறைவான தணிக்கையும் அப்போதே உண்டு. மதுரை சேதுபதி பள்ளியில் 1904-ல் சில மாதம் தமிழாசிரியராக இருந்த அதே பாரதி, 1908-ல் புதுச்சேரிக்குப் போய் 'இந்தியா' பத்திரிகையை அங்கிருந்து நடத்தினார். பிரெஞ்சு மண்ணில் அச்சடிப்பதைத் தடுக்க முடியாது, ஆகவே தபாலைப் பிடித்தார்கள். பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையவிடாமல் செய்தார்கள். வாசகரை அடையாத பத்திரிகை எத்தனை நாள் நிற்கும்? 1910 மார்ச்சோடு 'இந்தியா' நின்றது. நம் வெப் ஃபில்டர் இந்தத் தபால் பரம்பரையில் வருவது, அரசிதழ் பரம்பரையில் அல்ல.

தபாலைப் பிரித்துப் பார்க்கிற வேலையையும் அது செய்கிறது. இன்று பெரும்பாலான தளங்கள் பூட்டு அடையாளத்தோடு, மறையாக்கத்தோடு வருகின்றன. உள்ளே என்ன போகிறது என்று நடுவில் இருக்கும் பெட்டிக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் ஒரே வழி, பெட்டி நடுவில் உட்கார்ந்து உங்கள் கணினியிடம் "நான்தான் வங்கி" என்றும் வங்கியிடம் "நான்தான் நீங்கள்" என்றும் சொல்ல வேண்டும். அந்தப் பொய்யை உங்கள் கணினி நம்புவதற்காக அலுவலகம் ஒரு சான்றிதழை முன்கூட்டியே அதில் நிறுவிவைக்கும். ஊழியருக்குப் பூட்டு அடையாளம் அப்படியேதான் தெரியும்.

இதில் இந்தியாவுக்கே ஒரு பாடம் உண்டு. அகமதாபாத்தில் எலைட்கோர் நிறுவனம் உருவாக்கிய சைபரோம் பெட்டியை, ஒரு தலைமுறைப் பொறியியல் கல்லூரி விடுதி மாணவர்கள் மறக்க மாட்டார்கள். 2012-ல் ஜோர்டானில் ஒருவர், டார் திட்டத்தின் தளத்துக்குப் போனபோது சான்றிதழ் போலியாக இருப்பதாக எழுதினார். டார் திட்டத்தின் ரூனா சாண்ட்விக்கும் கூகுளில் இருந்த பென் லாரியும் தோண்டிப் பார்த்தார்கள். எல்லா சைபரோம் பெட்டிகளிலும் ஒரே சாவி. திண்டுக்கல் கல்லூரியில் இருக்கும் பெட்டிக்கும் ஜோர்டானில் இருக்கும் பெட்டிக்கும் ஒரே சாவி. ஒரு பெட்டியைப் பிரித்து அதை எடுத்துவிட்டால், வேறெந்த சைபரோம் அலுவலகத்து ஊழியரின் தபாலையும் பிரிக்கலாம். விஷயம் வெளியே வந்தபின் ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சாவி தரும் திருத்தத்தை நிறுவனம் அனுப்பியது. நாம் நரி என்று சந்தேகித்தது பட்டியலை மட்டும். இங்கே லாயத்தின் பூட்டே ஊருக்கெல்லாம் பொது.

சோதனைக்கு மூன்று மென்பொருள்களை எடுத்துக்கொண்டேன், பெயர் சொல்லப் போவதில்லை. எங்கள் கணக்குப் பிரிவு அக்கா ஒருவரிடம், "அக்கா, ஒரு பொம்பள இந்த ஆபீஸ்ல உக்காந்து அவசரத்துக்கு என்னென்ன தேடுவாங்கன்னு எழுதித் தாங்க" என்று கேட்டேன். ஒரு பக்கம் எழுதித் தந்தார். மார்பகப் புற்றுநோய் அறிகுறி, கருக்கலைப்புக்குச் சட்டம் எத்தனை வாரம் வரை அனுமதிக்கிறது, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு, கணவன் அடித்தால் எங்கே போவது. கடைசியில், "பிஎஃப் கட்டலைன்னா யார்ட்ட சொல்றது". வகைகளை வாடிக்கையாளர் கேட்ட அளவுக்கு இறுக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒரு மென்பொருள் துன்புறுத்தல் பற்றிய சட்ட விளக்கத்தை 'பாலியல்' என்று நிறுத்தியது. இன்னொன்று தொழிற்சங்கத் தளம் ஒன்றை 'ஆதரவுக் குழுக்கள்' என்று நிறுத்தியது. திரையில் காரணமும் இல்லை, பக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய விஷயம் நான் எதிர்பாராத மூலையில் இருந்தது. வகைகளின் கடைசியில் 'வகைப்படுத்தப்படாதவை' என்று ஒரு கட்டம். பாதுகாப்புக்காக இதையும் டிக் பண்ணிவிடுங்கள் என்று டெமோ தம்பியே சொன்னார். புதிதாக முளைக்கிற மோசடித் தளங்கள் பட்டியலில் ஏறியிருக்காது என்பதால் அது நியாயமான யோசனைதான். டிக் பண்ணிவிட்டு, நான் வழக்கமாகப் படிக்கிற தமிழ்த் தளங்களைத் திறந்து பார்த்தேன். பெரிய நாளிதழ்கள் வந்தன. சிறுபத்திரிகைகள், எழுத்தாளர்களின் சொந்தத் தளங்கள், ஒரு கல்வெட்டு ஆர்வலர் எங்கள் ஊர் ஓவாமலைத் தமிழி எழுத்துகளைப் பற்றி எழுதிய பக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. யாரும் இவற்றைத் தடைசெய்யவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் அந்தப் பட்டியலைத் தயாரித்த அறையில் இல்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் தளம் நடத்தினால் நீங்கள் ஏதோ ஒரு வகை. தமிழில் நடத்தினால் வகையே இல்லை, ஆகவே சந்தேகத்துக்குரியவர். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்த இதழையும் போட்டுப் பார்த்தேன். மூன்றில் இரண்டில் வரவில்லை.

1996-ல் பெண்ணுரிமைத் தளத்தைப் பட்டியலில் சேர்க்க யாரோ ஒருவர் முடிவெடுத்தார். அவரோடு சண்டை போடலாம். இதில் சண்டை போட ஆளே இல்லை. கனடாவின் நெட்ஸ்வீப்பர் கருவிகள் இந்தியா உட்பட 10 நாடுகளில் தணிக்கைக்குப் பயன்படுவதாக டொரண்டோவின் சிட்டிசன் லேப் 2018-ல் அறிக்கை வெளியிட்டது. 'மாற்று வாழ்க்கைமுறைகள்' என்று ஒரு வகை வைத்து தன்பாலின ஈர்ப்பாளர்களின் தளங்களை அதற்குள் போட்டிருந்ததும் அப்போது கேள்விக்குள்ளானது, பிறகு அந்த வகையை நீக்கினார்கள். வகைக்குப் பெயர் இருந்ததால்தானே அது மாட்டியது? பெயரில்லாத கட்டத்தை யார் கேட்பது?

கடைசியில் எங்கள் அலுவலகத்தில் நான் பரிந்துரைத்தது கொஞ்சம் பழைய பாணி. லினக்ஸ் கணினி ஒன்றில் ஸ்குவிட் ப்ராக்ஸி, பொதுவில் கிடைக்கிற தடைப்பட்டியல்கள். அவை வெறும் உரைக் கோப்புகள், நோட்பேடில் திறந்து படிக்கலாம். மோசடி, வைரஸ், சூதாட்டம், ஆபாசம், அதோடு சரி. தபாலைப் பிரிப்பதில்லை, உறையின் மேல் எழுதிய முகவரியைப் பார்த்து மட்டும் முடிவு. நிறுத்துவதானால் எந்தப் பட்டியலின்படி, யாரைக் கேட்க வேண்டும் என்று திரையில் தமிழில் எழுதிக் காட்டும். சட்டக் காரணத்துக்காக ஒரு பக்கம் மறுக்கப்பட்டால் அதை வெளிப்படையாகச் சொல்ல 451 என்ற எண்ணை இணையத் தர அமைப்பு 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. ரே பிராட்பரி நாவலின் நினைவாக வைத்த எண் அது. எங்கள் பெட்டி மறுப்பது சட்டக் காரணத்துக்காக இல்லை என்பதால் அந்த எண்ணை நான் பயன்படுத்தவில்லை. ஆனால் 'இங்கே ஒரு கை இருக்கிறது' என்று சொல்லிவிடுகிற அந்த யோசனையை எடுத்துக்கொண்டேன்.

மேலதிகாரிக்கு முழுத் திருப்தி இல்லை. "நாளைக்கு ஆடிட் வந்தா இதையெல்லாம் காட்டணும்ணே, பெரிய கம்பெனி சர்டிஃபிகேட் ஏதாவது இருந்தாத்தான் அவங்க ஒத்துக்குவாங்க" என்கிறார். அதுவும் நிஜம். ஆடிட்டருக்கு வேண்டியது பிராண்ட் பெயர், பட்டியல் அல்ல. ஆறு மாதத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். மாதக் கடைசியில் நிறுத்தப்பட்ட தளங்களின் முகவரிகளை மட்டும், யார் போனார்கள் என்ற விவரம் இல்லாமல், அச்செடுத்துத் தண்ணீர் கேன் பக்கத்துச் சுவரில் ஒட்டுகிறேன். இந்த மாதத் தாளில் ஒரு வரிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: "இது என் தம்பி கேட்டரிங் வெப்சைட், இதை ஏன் நிப்பாட்டினீங்க?" போய்ப் பார்த்தால் அவருடைய பழைய முகவரியை இப்போது ஒரு சூதாட்டக்காரர் வாங்கி வைத்திருக்கிறார்.